எங்கள் நெல் கோச்சி ஏறுமா?

ஒரு மாசி மாதப் பின்னேரம். மாங்குளம் புகையிரத நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, வீதியோரத்தில் நெல் காயப்போட்டிருந்த அக்கா ஒருவருடன் நின்று கதைத்துக்கொண்டிருந்தேன். கீழே விரித்திருந்தது ஒரு பழைய தறப்பாள். இடம்பெயர்ந்த காலத்தில் அதுதான் கூரையாக இருந்தது என்றார். அந்த நேரம் யாழ்ப்பாணப் பக்கம் போகும் புகையிரதம் ஒன்று கூவிக்கொண்டு கடந்து போனது. அது கண்மறையும்வரை பார்த்து நின்றுவிட்டு அக்கா கேட்டார்:

"ஏன் பிள்ளை, உந்தக் கோச்சியில சனம் மட்டும்தானே போகுது. எங்கட நெல்லை ஏத்த மாட்டினமோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். குடும்பத் தலைமைத்துவம் ஏற்ற பெண்களுடன் வேலை செய்கிறேன். நெல்லைப் பற்றியும் புகையிரதத்தைப் பற்றியும் எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த அக்கா ஏன் அப்படிக் கேட்டார் என்பது தெரியும். அவரது கணவர் 2009 இல் இல்லாமற்போனார். இரண்டு ஏக்கர் வயலைத் தனியே செய்கிறார். வெட்டு மிசின் வந்து ஒரு மணித்தியாலத்தில் வெட்டித் தந்துவிடும். அதன் பிறகுதான் கஷ்டம் தொடங்குகிறது. எழுபது கிலோவை எட்டும் மூடையை அவரால் தூக்க முடியாது. தூக்குவதற்கு ஆண்களைக் கூப்பிட வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். வைக்க இடமில்லை. மழை இருட்டினால் நெஞ்சு பதறும். அந்த நேரம் பார்த்து லொறி வாசலுக்கு வரும். லொறியில் வந்தவரே ஆளும் கொண்டு வருவார், தராசும் கொண்டு வருவார், விலையையும் அவரே சொல்லுவார். ஈரத்துக்கு இவ்வளவு கழிவு, சாக்குக்கு இவ்வளவு கழிவு என்று அவரே கழிப்பார்.

அக்காவின் கேள்விக்குப் பதில் தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றை உங்களுடன் பகிரவே இதை எழுதுகிறேன்.

எமது பாதையின் கதை

வடக்குக்கான புகையிரதப் பாதை முழுமையாக இணைந்தது 1905 ஆம் ஆண்டில். அதன் பின்னர் 1990 வரை, ஏறத்தாழ 85 ஆண்டுகள், மாங்குளத்தின் ஊடாகப் புகையிரதம் ஓடியது. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. பயணிகளோடு சாமான் வண்டிகளும் ஓடின. காங்கேசன்துறைச் சீமெந்து தெற்கே போனது இந்தப் பாதையால்தான்.

1990 இல் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. அவற்றின் கீழே பிள்ளைகளை அணைத்துக்கொண்டு படுத்திருந்தவர்கள் இதை வாசிப்பவர்களுள்ளும் இருப்பீர்கள். பாதை இருந்த இடம் பற்றையாகி, மிதிவெடி வயலாகிக் கிடந்தது. போருக்குப் பின் இந்தியாவின் கடனுதவியுடன் பாதை மீள அமைக்கப்பட்டு, 2013 செப்டெம்பர் 14 ஆம் திகதி கிளிநொச்சி வரை புகையிரதம் வந்தது. மாங்குளத்தில் மீண்டும் கூவல் கேட்டது அப்போதுதான். 2014 ஒக்டோபரில் அது யாழ்ப்பாணத்தை அடைந்தது.

ஆட்கள் போய்வர வழி கிடைத்தது. ஆனால் வயலில் விளைந்தது இன்னும் லொறியிலேயே போகிறது.

சாக்கில்லாமல் போகும் தானியம்

உலகில் அதிகம் கோதுமை விளையும் நாடுகளுள் கனடாவும் ஒன்று. அங்கே தானியத்தைச் சாக்கில் கட்டுவதில்லை. தண்ணீரைப் போல ஊற்றி எடுக்கிறார்கள். எமது வயலுக்கு வரும் வெட்டு மிசினை நினைத்துப் பாருங்கள். வெட்டிய நெல்லைத் தன் வயிற்றில் சேர்த்து வைத்து, பிறகு ஒரு குழாயால் உழவு இயந்திரப் பெட்டிக்குள் கொட்டுகிறதல்லவா? அதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறார்கள்.

அதற்கென்றே ஒரு வகைப் புகையிரத வண்டி இருக்கிறது. மேலே மூடியும் அடியில் கதவும் கொண்ட இரும்புத் தொட்டி என்று அதைச் சொல்லலாம். கூரையில் நீளமான மூடி. அதைத் திறந்து, உயரமான களஞ்சியத்திலிருந்து குழாயால் தானியத்தை ஊற்றுவார்கள். வண்டியின் அடி தட்டையாக இராது. புனல்போலச் சரிந்து மூன்று நான்கு வாய்களில் முடியும். ஒவ்வொரு வாயிலும் இழுத்துத் திறக்கும் தகட்டுக் கதவு இருக்கும். போய்ச்சேரும் இடத்தில் தண்டவாளத்துக்குக் கீழே குழி வெட்டி, மேலே கம்பி வலை போட்டிருப்பார்கள். வண்டியை அதற்கு நேரே நிறுத்திக் கதவைத் திறந்தால் தானியம் தன் பாரத்தாலேயே சரிந்து குழிக்குள் விழும். கீழே ஓடும் பட்டி அதை மீண்டும் களஞ்சியத்துக்கு ஏற்றும். ஒருவரும் முதுகில் சுமப்பதில்லை. வண்டி சில நிமிடங்களில் வெறுமையாகிவிடும்.

இப்படியான ஒரு வண்டி ஏறத்தாழ 100 தொன் கோதுமை கொள்ளும். நூறு, நூற்றுப்பத்து வண்டிகளை ஒன்றாகக் கோத்து, வழியில் பிரிக்காமல், ஏற்றிய இடத்திலிருந்து துறைமுகம் வரை ஒரே புகையிரதமாக விடுகிறார்கள். ஒரு புகையிரதத்தில் பத்தாயிரம் தொன்!

வண்டி மூடியிருப்பதற்குக் காரணம் ஈரம். மழையோ பனியோ உள்ளே போனால் தானியம் பூஞ்சணம் பிடிக்கும், முளைக்கும், சூடேறும். நன்கு காய்ந்த தானியத்தை மட்டும் ஏற்றி, ஈரம் படாமல் மூடி வைப்பதே இந்த முறையின் அடிப்படை. இதை மனதில் வைத்திருங்கள். இதை அறியாமல் நான் செய்த பிழையைப் பின்னர் சொல்கிறேன்.

இந்த வண்டியில் ஆபத்தும் உண்டு. அடிக்கதவு திறந்திருக்கும்போது தானியத்தின் மேல் நிற்பவரை அது சேற்றைப்போல உள்ளே இழுத்துவிடும். இடுப்பளவு புதைந்தவரைக் கையால் பிடித்து இழுத்து எடுக்க முடியாது. பல நாடுகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. எமது பிள்ளைகளும் நெல் நிரம்பிய பெட்டியிலும் குவியலிலும் ஏறிக் குதிப்பார்கள். நெல் இறங்கும்போது அவர்களைக் கிட்ட விடாதீர்கள்.

முன்பு அவர்களும் வாரியவர்கள்தான்

இந்த வண்டிகள் தொடக்கத்திலிருந்தே இருந்தவை அல்ல. கனடாவில் நீண்டகாலம் சாதாரண மூடிய பெட்டி வண்டிகளிலேயே தானியம் போனது. பக்கக் கதவுக்கு உள்ளே பலகை அடித்து, இடுக்குகளை அடைத்து, மேலால் தானியத்தைக் கொட்டுவார்கள். இறக்கும்போது பலகையை உடைத்து, மனிதர் உள்ளே நின்று வாரித் தள்ளுவார்கள். வழியெல்லாம் தானியம் சிந்தும். அந்தப் பழைய வண்டிகள் தேய்ந்துபோன நிலையில்தான் 1972 இல் கனடிய அரசு தன் செலவில் புதிய தொட்டி வண்டிகளை வாங்கத் தொடங்கியது.

அயல்நாடான இந்தியாவில் இன்னமும் பெரும்பகுதித் தானியம் 50 கிலோச் சாக்குகளில், மூடிய வண்டிகளில்தான் போகிறது. ஒவ்வொரு மூடையையும் ஏற்றவும் இறக்கவும் ஒரு மனித முதுகு வேண்டும். 1965 இல் தஞ்சாவூரில் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்த இந்திய உணவுக் கழகம், இப்போது சில இடங்களில் சாக்கில்லாத முறையையும் பயன்படுத்துகிறது. பஞ்சாபின் மோகாவிலும் ஹரியானாவின் கைத்தலிலும் பெரிய இரும்புக் களஞ்சியங்களில் கோதுமையைச் சேர்த்து, 2007 முதல் அடிக்கதவு வண்டிகளில் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் கொண்டுவருகிறார்கள். இரண்டாயிரம் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரம். இந்தியாவின் அகலப் பாதையும் எமது பாதையும் ஒரே அகலம்தான், ஐந்தரை அடி.

இதற்கும் எமக்கும் என்ன தொடர்பு என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் நாம் உண்ணும் கோதுமை இங்கே விளைவதில்லை. அது கனடா, அவுஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. 1980 முதல் திருகோணமலை சீனக்குடாவில் இயங்கும் பிறீமா ஆலை போன்ற இடங்களில் அரைபடுகிறது. இடம்பெயர்ந்த காலத்தில் உலக உணவுத் திட்டத்தின் நிவாரணமாகவும் கோதுமை மா கிடைத்தது. அந்த மாவில் ரொட்டி சுட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினோம். அந்தக் கோதுமையில் ஒரு பங்காவது இத்தகைய வண்டிகளில் பயணம் செய்துதான் எமது அடுப்புக்கு வந்திருக்கும்.

வண்டி கேட்டு வழக்காடியவர்கள்

இவற்றையெல்லாம் வாசித்துக்கொண்டு போனபோது, வண்டிகளை விட வேறொரு செய்திதான் என்னை நிறுத்தியது.

சுமார் 125 ஆண்டுகளுக்கு முன், கனடாவின் மேற்குச் சமவெளிக்குக் குடியேறிய விவசாயிகளுக்கும் எமது அக்காவின் பிரச்சினையே இருந்தது. புகையிரத நிலையத்தருகே களஞ்சியம் வைத்திருந்த கம்பனிகள்தான் நிறுத்தன, தரம் பிரித்தன, கழிவு கழித்தன, விலை சொன்னன. விவசாயி தானே ஒரு வண்டியை எடுத்துத் தன் தானியத்தை நேரே ஏற்றலாம் என்று 1900 இல் சட்டம் வந்தது. ஆனால் வண்டி கேட்டால் கிடைக்கவில்லை. கம்பனிகளின் களஞ்சியங்களுக்கே வண்டிகள் முதலில் போயின. 1901 இல் நல்ல விளைச்சல். தானியம் மலையாகக் குவிந்து வீணாகியது.

அந்த விவசாயிகள் சங்கம் அமைத்தார்கள். 1902 இல் சின்டலூட்டா என்ற சிற்றூரில், பதிந்த ஒழுங்கின்படி வண்டி தரவில்லை என்று புகையிரதக் கம்பனியின் நிலைய முகவர்மீது வழக்குப் போட்டார்கள். தீர்ப்பு விவசாயிகள் பக்கம் வந்தது. கம்பனி மேன்முறையீடு செய்தும் தோற்றது. அதன் பிறகு, யார் முதலில் பதிந்தாரோ அவருக்கே முதலில் வண்டி. ஆயிரம் ஏக்கர் வைத்திருந்தாலும் சரி, பத்து ஏக்கர் வைத்திருந்தாலும் சரி. விவசாயி தனக்கென வண்டி கேட்கும் உரிமை இன்றும் கனடாவின் சட்டத்தில் இருக்கிறது.

அடுத்த இருபது ஆண்டுகளில் அவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து சொந்தக் களஞ்சியங்களைக் கட்டினார்கள். அவர்களின் பெண்களும் சும்மா இருக்கவில்லை. சஸ்கச்சுவான் மாகாணத்தில் வயலட் மக்நோட்டன் என்ற விவசாயப் பெண் 1914 இல் தானியம் விளைவிப்போர் சங்கத்தின் பெண்கள் பிரிவுக்கு முதல் தலைவியானார். தானிய விலையோடு மருத்துவச்சியும் மருத்துவமனையும் ஊருக்கு வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். வாக்குரிமை கேட்டார்கள். 1916 இல் அந்த மாகாணப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது.

பிற்காலத்தில் அந்தக் கூட்டுறவுகள் கைமாறிக் கம்பனிகளாகிவிட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒருமுறை வென்றெடுத்தது என்றென்றைக்கும் எம்முடையது என்று இருந்துவிட முடியாது.

நாங்கள் போட்ட கணக்கு

இந்தக் கதையை எமது மாதர் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். ஒரு தங்கச்சி கொப்பியை எடுத்தார். "அக்கா, அந்த ஒரு வண்டிக்கு எங்கட நெல்லு எத்தினை மூடை வேணும்?" என்று கேட்டார்.

கணக்குப் போட்டோம். நெல் உமியோடு இருப்பதால் கோதுமையை விட லேசு, கூட இடம்பிடிக்கும். 100 தொன் கோதுமை கொள்ளும் வண்டியில் நெல் எழுபது, எழுபத்தைந்து தொன்தான் வரும். எழுபது கிலோ மூடையாகக் கணித்தால் ஆயிரத்துக்குச் சற்று மேல். எமது சங்கத்தில் வயல் செய்பவர்கள் ஆளுக்கு முப்பது மூடை விற்கிறார்கள் என்று வைத்தால் முப்பத்தைந்து பெண்கள் போதும்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பத்தைந்து பெயர்கள் எமது பதிவேட்டில் இருக்கின்றன.

அப்படியொரு வண்டி நாளைக்கு மாங்குளத்துக்கு வரப்போவதில்லை. அதற்கு ஏற்றும் களஞ்சியம் வேண்டும், ஒதுக்குப் பாதை வேண்டும், போய் இறங்கும் இடத்திலும் குழி வேண்டும். நெல் கோதுமையைப்போல வழுக்கி விழாது. சுணையும் உமியும் உள்ளதால் சிக்கி நிற்கும். அதற்கேற்ற சரிவும் வேண்டும். இவற்றைச் செய்வது எமது கையில் இல்லை.

அப்போது அந்தத் தங்கச்சி கணக்கைச் சின்னதாக்கினார். பத்துத் தொன் லொறி ஒன்றை நிரப்ப எத்தனை பேர் வேண்டும்? ஐந்து பேர். ஐந்து பெண்களின் நெல்லை ஒன்றாகச் சேர்த்தால் லொறியை நாமே வாடகைக்குப் பிடித்து ஆலைக்கு நேரே போகலாம்.

எனது பிழை

அந்தப் போகமே ஐந்து பேர் முன்வந்தார்கள். அறுவடைக்கால விலை எப்போதும் குறைவு, கொஞ்சம் பொறுத்து விற்போம் என்று நான்தான் சொன்னேன். பொதுநோக்கு மண்டபத்தில் மூடைகளை அடுக்கினோம். சீமெந்து நிலத்தில், சுவரோடு அணைத்து, நேரே அடுக்கினோம். இடையில் இரண்டு கிழமை மழை. கூரை ஒழுகவில்லை. ஆனால் நிலத்திலிருந்தும் சுவரிலிருந்தும் ஈரம் ஏறியது. மூடையை எடுத்தபோது அடிவரிசை முழுவதும் பூஞ்சணம். மேல்வரிசை நல்ல விலைக்குப் போனது. அடிவரிசையை ஆலைக்காரர் தொடவும் இல்லை. வந்த இலாபம் அந்த நட்டத்தில் போய்விட்டது. அவர்களில் ஒருவர் அந்தப் பணத்தில் நகை மீட்க இருந்தவர்.

தானியத்தை மூடித்தான் கொண்டுபோகிறார்கள் என்று படித்தேன். ஈரம் கீழிருந்தும் வரும் என்று யோசிக்கவில்லை. என்மேல் கோபப்பட அவர்களுக்கு உரிமை இருந்தது. வீதியோரத்தில் கேள்வி கேட்ட அக்காவும் அந்த ஐவரில் ஒருவர். அவர் சொன்னது இவ்வளவுதான்: "சரி பிள்ளை, அடுத்தமுறை கீழ பனங்குற்றி போட்டு அடுக்குவம். பங்கருக்குப் போட்ட எங்களுக்கு இது பெரிய வேலையே."

அடுத்த காலபோகத்தில் அப்படியே செய்தோம். நாம் கற்றுக்கொண்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்:

நெல்லை நன்றாகக் காயவிடுங்கள். ஈரப்பதன் நூற்றுக்கு 14 க்கு மேற்படக்கூடாது. பல்லில் கடித்தால் நசியாமல் 'டிக்' என்று உடைய வேண்டும். வெயிலின் சூடு ஆறிய பின்னரே சாக்கில் போடுங்கள்.

மூடைகளை மரக்குற்றி அல்லது பலகையின் மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, காற்றோட்டம் இருக்கும்படி அடுக்குங்கள். கிழமைக்கு ஒருமுறை நடுமூடைக்குள் கை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உடனே வெயிலில் கொட்டுங்கள்.

பெரிய மூடை கட்டாயம் இல்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து தூக்கக்கூடிய முப்பது கிலோவாகக் கட்டுங்கள். தூக்குவதற்கு ஆள் இல்லை என்பதற்காக வந்த விலைக்கு விற்க வேண்டி வராது.

ஒரே இன நெல்லை ஒன்றாகச் சேருங்கள். சங்கத்துக்கென ஒரு தராசு வாங்குங்கள். நிறுத்த கணக்கை அவரவர் முன்னிலையில் எழுதிக் கையொப்பம் வையுங்கள்.

எல்லாவற்றையும் பொறுத்து விற்க எல்லோராலும் முடியாது. கடன் தவணை, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு என்று உடனே காசு தேவைப்படும். பாதியை விற்றுப் பாதியை வைக்கலாம். பொறுக்கச் சொல்லி ஒருவரையும் வற்புறுத்த வேண்டாம். இதையும் நான் பட்டுத்தான் அறிந்தேன்.

அந்தமுறை ஐந்து பேரின் நெல்லும் ஒரே லொறியில் போனது. நான்கு பேர் லொறியிலேயே ஏறிப் போனார்கள். பெரும் இலாபம் என்று சொல்லமாட்டேன். வாடகை போக, வாசலில் கேட்ட விலையை விடக் கொஞ்சம் கூடக் கிடைத்தது. ஆனால் ஆலையில் நிறுத்தபோது, எமது தராசில் எழுதிய கணக்கைக் காட்டினார்கள். கழிவு என்ற பேச்சு வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் நெல்லின் நிறையைத் தானே சொன்னதாக ஒருவர் என்னிடம் சொன்னார்.

அன்பான சகோதரிகளே, இந்தப் பாதைக்காக எமது தலைமுறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. அதில் எமது விளைச்சலும் போக வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல. மாங்குளம் சந்தியில் முல்லைத்தீவு வீதியும் மல்லாவி, துணுக்காய் வீதியும் கண்டி வீதியைச் சந்திக்கின்றன. பக்கத்திலேயே புகையிரதம். நெல் களஞ்சியத்துக்கும் சாமான் ஏற்றும் மேடைக்கும் இதைவிட நல்ல இடம் வன்னியில் எங்கே இருக்கிறது? ஒருவராகக் கேட்டால் சிரிப்பார்கள். முப்பத்தைந்து பேரின் நிறுத்த கணக்கை மேசையில் வைத்துக் கேட்டால், பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். எமது சங்கம் அந்தக் கணக்கை எழுதத் தொடங்கிவிட்டது. பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதத்தில் முதல் கையொப்பம் வைத்தவர், வீதியோரத்தில் என்னிடம் கேள்வி கேட்ட அக்காதான்.